சீல் உடையாத ஏழு பாட்டில்கள்

1

நித்யா, வியாழக்கிழமை மதியம் நீ அனுப்பிய போட்டோவைச் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் பார்த்தேன். நம் மயிலாப்பூர் வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டு. அம்மாவின் பழைய ஜாக்கெட் துணி ஒன்றை விரித்து, அதன் மேல் ஏழு சின்ன பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தாய். கீழே ஒரே ஒரு வரி. "அப்பா, இதெல்லாம் எப்படி யூஸ் பண்ணணும்?"

பதினோரு மாதத்துக்குப் பிறகு நீயாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நான் ஃபோன் செய்தால் எடுப்பாய். சாப்பிட்டேன் என்பாய், காலேஜ் போனேன் என்பாய், தங்கையிடம் ஃபோனைக் கொடுத்துவிடுவாய். நீயாக எதையும் கேட்பது கிடையாது. அதனால் இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் எனக்கு லீவு. ரூமில் இருக்கும் மற்ற மூன்று பேரும் வெளியே போயிருக்கிறார்கள். ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். சுமிக்குப் பன்னிரண்டு வயதுதான், அவளுக்கும் புரிய வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். தெரிந்த கதையையே சொல்கிறாரே என்று நினைக்காதே.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. தி. நகரில் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து எவர்சில்வர் குடத்திலும் டம்ளரிலும் பெயர் வெட்டிக்கொண்டிருந்தவன். பதினாலு வருஷமாக இங்கே ஒரு வாசனை எண்ணெய்க் கடையின் பின்னறையில், பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு எண்ணெய் நிரப்புகிறேன். டாக்டர் மாதிரி சொல்லத் தெரியாது. கையால் செய்து தெரிந்துகொண்டதையும், கடையின் முன்பக்கம் நிற்கும் மேரிபெல் சொல்லிக் கொடுத்ததையும் எழுதுகிறேன். மேரிபெல் பிலிப்பைன்ஸ்காரி. முன்னால் ஹோட்டலில் மசாஜ் வேலை பார்த்தவள். முதல் நாளே எனக்கு ஒன்று சொன்னாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

2

இது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி செக்கில் ஆட்டி எடுப்பது அல்ல. இலையோ பூவோ பிசினோ, அதைப் பெரிய பாத்திரத்தில் போட்டு அடியிலிருந்து ஆவி விடுவார்கள். ஆவி மேலே ஏறும்போது வாசனையையும் தூக்கிக்கொண்டு போகும். அதைக் குழாயில் குளிர வைத்தால் தண்ணீராக இறங்கும். அந்தத் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஒரு படலம் நிற்கும். அதை வழித்து எடுத்தால் இந்த எண்ணெய். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலைதான். எலுமிச்சையும் ஆரஞ்சும் மட்டும் வேறு. தோலை நசுக்கியே எடுத்துவிடலாம். ஆரஞ்சு உரிக்கும்போது கண்ணில் தெறித்து எரியுமே, அதுதான்.

கூடை கூடையாகப் போட்டால் ஒரு பாட்டில் வரும். அவ்வளவு இலையின் காரமும் அந்த ஒரு பாட்டிலில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் எண்ணெய் என்றால் உள்ளங்கையில் குழியாக ஊற்றித் தலையில் அப்பிப் பழகியவர்கள். இதை அப்படிச் செய்யவே கூடாது. அப்படியே தோலில் வைத்தால் எரியும், சில பேருக்குக் கொப்பளிக்கும். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு போதும். சுமிக்கு என்றால் இரண்டு டீஸ்பூனுக்கு ஒரு சொட்டு. அதையும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். அரித்தாலோ சிவந்தாலோ விட்டுவிட வேண்டும். எலுமிச்சை கலந்ததைத் தடவிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது, தோல் கருத்துப் போகும். ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

பக்கத்து போர்ஷனில் கைக்குழந்தை இருக்கிறது என்று சுமி சொன்னாள். குழந்தைக்குச் சளி என்றால் நீலகிரித் தைலத்தையோ கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயையோ நெஞ்சில் தேய்க்கிறார்கள் அல்லவா, அது வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு மூச்சு திணறும். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, மஸ்கட்டிலிருந்து அப்பா சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

அறையில் வைப்பதென்றால் ஒரு கிண்ணம் வெந்நீரில் மூன்று சொட்டு. அரை மணி நேரம். கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். நாள் முழுக்க மணக்க விட்டால் தலைதான் வலிக்கும்.

இதில் எதுவும் வியாதியைக் குணப்படுத்தாது. குணப்படுத்தும் என்று எங்கள் கடை அட்டையில்கூடப் போட மாட்டோம். கொஞ்சம் ஆறுதல் தரும், தூக்கத்துக்குத் துணையாக இருக்கும், அவ்வளவுதான். சில பேருக்கு அதுவும் இல்லை.

சுமி, உன் வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். "அப்பா, என் வாலிபால் ஷூ செம நாத்தம்பா! அக்கா என்னை வாசல்லயே நிக்க வெக்கிறா. ஒரு பாட்டிலை ஃபுல்லா ஊத்திடட்டா?" ஊற்றாதே கண்ணு. நாற்றத்தின் மேல் வாசனையைக் கொட்டினால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாகும், அப்புறம் அக்கா உன்னைத் தெருவிலேயே நிற்க வைப்பாள். ஷூவை நன்றாகத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் போடு. காய்ந்த பிறகு பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டு உள்ளே வை. அது போதும்.

3

இப்போது அந்தப் போட்டோவுக்கு வருகிறேன்.

என் வேலையில் கடைசிக் கட்டம் மூடி போடுவது. மூடிக்குக் கீழே பல் பல்லாக ஒரு பிளாஸ்டிக் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை திருகும்போது டிக்கென்று அறுந்து கீழேயே தங்கிவிடும். தினமும் நூற்றுக்கணக்கில் என் கையால் போடுகிற மூடி. சீல் உடைந்த பாட்டிலையும் உடையாத பாட்டிலையும் எதிர்ச் சுவரிலிருந்தே சொல்லிவிடுவேன்.

போட்டோவைப் பெரிதாக்கினேன். புதினா, வளையம் இருந்தது. எலுமிச்சை, இருந்தது. இஞ்சி, லாவெண்டர், ஆரஞ்சு, இரண்டு குந்திரிக்கம். எல்லாவற்றிலும் வளையம் அப்படியே இருந்தது. பாட்டிலில் ஒட்டிய காகிதத்தில் என் கையெழுத்து, டம்ளரில் பெயர் வெட்டுகிற மாதிரி பொடிப் பொடியாக. 'பஞ்சில் ஒரு சொட்டு. தலையணைக்குப் பக்கத்தில்.'

உடனே ஃபோன் செய்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனாலும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அதில் நான் ஒரு பொய் சொன்னேன்.

"இதெல்லாம் எங்கம்மா இருந்துது?"

"பீரோலதாம்பா. அம்மாவோட கூரைப்பொடவைக்கு அடியில. அம்மா திதிக்கு வீடு சுத்தம் பண்றோம்ல, சித்தி எடுத்துச்சு."

"ஒண்ணுகூடவா தொறக்கல?"

"எப்படிப்பா தொறக்கும்? அம்மாவுக்குத்தான் எந்த வாசனையும் ஆவாதே."

எந்த வாசனையுமா என்று திருப்பிக் கேட்டேன். நீ "உங்களுக்குத் தெரியாதா?" என்றாய். தெரியாது என்று சொன்னதும் நீ மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாய். "கேன்சர் ஊசி போட ஆரம்பிச்சதுலேர்ந்துப்பா. கீழ் வீட்ல மீன் வறுத்தா ஜன்னலைச் சாத்தணும். வாசனையில்லாத சோப்பு வாங்கினோம். சுமி பவுடர் போட மாட்டா. பூக்காரம்மாவை வாசலோட அனுப்பிடுவோம். நான் தலைக்கு எண்ணெய் வெச்சிகினு பக்கத்துல போனாக்கூட அம்மா மூச்சை அடக்கிக்கும். சொல்லாது, ஆனா அடக்கிக்கும்."

அதற்குள் உன் செல்விச் சித்தி ஃபோனை வாங்கிவிட்டாள். "இன்னா மாமா, அதுகிட்ட போய் கேட்டுகினு கீறீங்க? நான் சொல்றேன். அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. 'அந்த மனுஷன் அங்க ஒத்தையா கீறாரு. இத்தயாவது அனுப்பிகினு சந்தோஷமா இருக்கட்டும். ஆவலைன்னு தெரிஞ்சா இடிஞ்சு பூடுவாரு, நீ வாயத் தொறக்காத'ன்னுச்சு. நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க?"

நான் அவளுக்குப் பதில் சொல்வதற்குள் நீ திரும்பவும் ஃபோனை வாங்கினாய். குரலை உயர்த்தவில்லை. "ஏழு பாட்டில் அனுப்புனீங்களேப்பா. ஒரு வாட்டி வந்திருக்கலாம்ல?"

ஃபோனில் சார்ஜ் தீரப் போகிறது பாப்பா என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

4

அன்று பிற்பகல் ஒரு கேனைச் சாய்த்துத் தரையெல்லாம் புதினா எண்ணெய். மேரிபெல் கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மரத்தூள் கொண்டுவந்து கொட்டினாள். நான் குந்திக்கொண்டு அள்ளிக்கொண்டே விஜயா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உங்கள் அம்மாவை நான் பெயர் சொல்லித்தான் எழுதுவேன், தப்பாக நினைக்காதீர்கள்.

விஜயாவின் ஆபரேஷனுக்கு நான் வந்து பத்து நாள் இருந்தேன். ஊசி ஆரம்பித்தது நான் இங்கே திரும்பிய பிறகு. ஊசி போட்ட அன்றைக்குக் குமட்டுகிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று ஃபோனில் சொன்னாள். மேரிபெல்லிடம் கேட்டேன். குமட்டலுக்கு இஞ்சி, புதினா, எலுமிச்சை எடுத்துக் கொடுத்தாள். தூக்கத்துக்கு லாவெண்டர். ஒவ்வொரு தடவையும் யாராவது ஊருக்குப் போகும்போது அவர்கள் பெட்டியில் ஒரு பாட்டில் இடம் கேட்டு அனுப்பினேன். தாம்பரம் போகிறவர், வேளச்சேரி போகிறவர், யார் கிடைத்தாலும். நித்யா, நீதான் பஸ் பிடித்துப் போய் வாங்கிவருவாய்.

பாட்டில் போய்ச் சேர்ந்த மறுநாள் ஃபோன் செய்து, "மோந்து பாத்தியா?" என்று கேட்பேன்.

எலுமிச்சைக்கு, "ஊறுகா ஜாடியைத் தொறந்தாப்ல கீதுங்க" என்றாள். புதினாவுக்கு, "பிரியாணிக்குப் புதினா ஆஞ்ச கை மாதிரி." இஞ்சிக்கு, "பஸ்ஸ்டாண்டுல இஞ்சி மொரப்பா வித்துகினு வருவாங்களே, அதேதான்." குந்திரிக்கம் அனுப்பியபோது, சர்ச்சில் புகை போடுவது இதைத்தான் என்று நானே முதலில் சொல்லியிருந்தேன். "ஆமாங்க, சாந்தோம் சர்ச்சு உள்ள போனாப்ல கீது" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம். மேரிபெல்லைக் கூப்பிட்டு, என் பெண்டாட்டி மூக்கு உன் மூக்கைவிடக் கூர்மை என்று பீற்றிக்கொண்டேன்.

இப்போது தெரிகிறது. பாட்டிலின் மேல் நான் எழுதியிருந்த பெயரைப் படித்தே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

லாவெண்டர் மட்டும் அப்படியில்லை. லாவெண்டர் என்றால் செடியா கொடியா என்றுகூட அவளுக்குத் தெரியாது. பெயரைப் படித்து ஒன்றும் சொல்ல முடியாது. அன்றைக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "உங்க சட்டை மாதிரி கீதுங்க. லீவுல வந்து பெட்டியைத் தொறப்பீங்களே, அப்ப குப்புனு வருமே, அது."

இதுவும் திறக்காமல் சொன்னதுதான். ஆனால் உண்மையிலேயே என் சட்டையில் வருவது பெரும்பாலும் லாவெண்டர்தான். இங்கே அதிகம் விற்பது அது. நாள் முழுக்க அதைத்தான் ஊற்றுகிறேன். அவள் எப்படிச் சரியாகச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தீபாவளிக்கு லீவு கேட்டேன், முதலாளி கொடுத்தார். இது உங்களுக்குத் தெரியாது. விஜயாவிடம் மட்டும் சொன்னேன். "இப்ப எதுக்குங்க? நான் நல்லாகீறேன். உங்க பாட்டிலை மோந்தாலே தூக்கம் வந்துடுது. புள்ளைங்க பரீட்சை லீவுக்கு வாங்க, ஒரு மாசம் சேந்தாப்ல இருக்கலாம்" என்றாள். நான் நம்பினேன். நம்ப எனக்கு வசதியாக இருந்தது, நித்யா. பின்னறையில் இன்னொரு ஆள் வேலையை விட்டுப் போயிருந்தான். நானும் போனால் திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பானோ என்று பயம். என் எண்ணெய் அவளைப் பார்த்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் போக வேண்டிய இடத்துக்கு அதை அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும், செல்வி ஃபோன் செய்தாள்.

5

இதையும் எழுத வேண்டும், உங்களிடம் சொன்னதில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் இங்கே திரும்பிய இரண்டு மாதத்தில் ரெசிடன்ட் கார்டு புதுப்பிக்க வேண்டி வந்தது. டைப்பிங் சென்டரில் இருந்த மலையாளி ஃபாரத்தைத் தட்டிக்கொண்டே, "மேரீடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாயில் பழக்கமாக வந்துவிட்டது. அவர் தட்டிவிட்டார். கையெழுத்துப் போடப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. மாற்ற வேண்டும் என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்குச் சென்னையில் ஒரு முத்திரை, டில்லியில் ஒரு முத்திரை, இங்கே ஒரு முத்திரை, பிறகு அரபி மொழிபெயர்ப்பு. "அப்படியே விட்டுடு சேட்டா, யார் பார்க்கப் போறாங்க" என்றார் அவர். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் விடவில்லை. நித்யா, நீதான் அந்தக் காகிதங்களுக்காக மூன்று தடவை ஆபீசுக்கு அலைந்தாய். ஏன் எதற்கு என்று நான் சொல்லவும் இல்லை, நீ கேட்கவும் இல்லை. இதற்குத்தான்.

எல்லாம் வந்த பிறகு கார்டு ஆபீஸ் கவுன்டரில் நீட்டினேன். சின்னப் பெண், உன் வயதைவிட நான்கைந்து கூட இருக்கும். அரபியில் ஏதோ கேட்டாள். பதினாலு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட அரபியெல்லாம் கடைப் பேச்சு. எத்தனை வேண்டும், இது அசல், மோந்து பாருங்கள். மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்து மெதுவாக என்னவோ சொன்னாள், ஆறுதலாகத்தான் இருந்தது. பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. வாயிலிருந்து வந்தது, "நன்றி, மறுபடியும் வாங்க."

கடையில் தினமும் காதில் விழும் அரபி. அவள் சிரிக்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.

6

நித்யா, நீ என்னிடம் பேசுவதைக் குறைத்தது எப்போது என்று எனக்குத் தெரியும். ஏன் என்றுதான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது விஜயாவை எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை ஊரூர் குப்பத்துப் பக்கம் கடலில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஹாலில் அவள் போட்டோ. முன்னால் ஒரே ஒரு அகல் விளக்கு. போட்டோவுக்குத் துணியில் செய்த பூமாலை. எனக்குச் சுருக்கென்றது. கோயில் குளத்தைச் சுற்றி இத்தனை பூக்கடை இருக்கும் ஊரில், என் பெண்டாட்டிக்குத் துணி மாலையா? யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய் ரோஜா மாலை, நாலு முழம் மல்லிகை, இரண்டு பாக்கெட் ஊதுவத்தி வாங்கி வந்தேன். ஒரு பாக்கெட்டை மொத்தமாகக் கொளுத்தி வைத்தேன். வீடு முழுக்கப் புகை.

நீ சமையலறையிலிருந்து வந்தாய். யாரையும் பார்க்கவில்லை. ஊதுவத்தியைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பாத்ரூம் வாளியில் அமுக்கினாய். திரும்பி வந்து ஜன்னலை எல்லாம் திறந்தாய். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நான் கத்தினேன்.

"பெத்த தாய்க்கு ஒரு ஊதுவத்தி ஏத்தக் கூடாதா? காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?"

"போதும்பா" என்றாய். மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். சுமி உன் பின்னாலேயே ஓடினாள். செல்வி எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்று அவள் மேலும் எனக்குக் கோபம். நான் இருந்த பதினைந்து நாளும் நீ எனக்குத் தட்டில் சோறு வைத்தாய், காபி கொடுத்தாய். முகத்தைப் பார்க்கவில்லை. ஊரில் இல்லாத அப்பன் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

வியாழக்கிழமை நீ ஃபோனில் சொன்ன பிறகுதான் அந்த அறை எனக்குத் தெரிகிறது. அத்தனை மாதமாக அந்த வீட்டுக்குள் எதுவும் மணக்காமல் பார்த்துக்கொண்டவள் நீ. அம்மா போய்விட்டாள் என்று உன் கைக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்குக் குமட்டும் என்று அது ஓடிப் போய் ஊதுவத்தியை அணைத்தது. நான் அந்தக் கையைத்தான் எல்லார் முன்னாலும் திட்டினேன்.

நீ அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் பாட்டில்களும் வெளியே வந்திருக்கும், அம்மா என்னிடம் மறைத்ததும் வந்திருக்கும். அந்தப் பதினைந்து நாளும் நீ அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் திட்டியதை வாங்கிக்கொண்டு எனக்குச் சோறு வைத்தாய்.

மன்னித்துவிடு என்று ஃபோனில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதுகிறேன். மன்னித்துவிடு பாப்பா.

7

பாட்டில்களை என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லை. எலுமிச்சையும் ஆரஞ்சும் நாளானால் கெட்டுப் போகும், சீல் உடையாவிட்டாலும். அதைத் தோலில் தடவ வேண்டாம். சுமி ஷூவுக்கு எடுத்தது போக மிச்சத்தைத் தரை துடைக்கிற வாளியில் நாலு சொட்டு விடுங்கள், எறும்பு வராது. புதினாவும் இஞ்சியும் யாருக்காவது வேண்டுமென்றால் நான் மேலே எழுதியதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். குந்திரிக்கம் சீக்கிரம் கெடாது. இருட்டில் இருக்கட்டும். லாவெண்டரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தோன்றுகிறபடி செய். எனக்காக எதையும் வைத்திருக்க வேண்டாம், எனக்காக எதையும் திறக்கவும் வேண்டாம்.

மேரிபெல் முதல் நாள் சொன்னதை இப்போது எழுதுகிறேன். ஹோட்டலில் வேலை பார்த்தபோது அவள் ஒரு பெண்மணிக்கு நல்லது செய்கிறோம் என்று மல்லிகை எண்ணெயைத் திறந்திருக்கிறாள். அந்தப் பெண்மணி கர்ப்பமாக இருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாராம். "அன்றிலிருந்து நான் முதலில் கேட்கிறேன்" என்றாள் மேரிபெல். "மூடியில் கை வைப்பதற்கு முன்னால் அந்த அறையில் இருப்பவரைக் கேள். இது உனக்கு வேண்டுமா என்று கேள். பதில் வரும்வரை திறக்காதே. வேண்டாம் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே." நான் அன்றைக்குச் சிரித்தேன். நல்ல வாசனையை யாராவது வேண்டாம் என்பார்களா என்று.

விஜயாவிடம் நான் ஏழு தடவை மோந்து பார்த்தாயா என்று கேட்டிருக்கிறேன். உனக்கு இது வேண்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. "எனக்கு வாசனை வேணாங்க, நீங்க வாங்க" என்று சொல்லியிருப்பாளோ.

அதனால் உங்கள் இரண்டு பேரையும் கேட்கிறேன். இன்னும் பதினாறு நாளில் அம்மாவின் முதல் திதி. முதலாளியிடம் பேசிவிட்டேன், கார்டும் கையில் இருக்கிறது. திதிக்கு நான் வரட்டுமா? வந்தால் அந்த அகல் விளக்கு மட்டும்தான். ஊதுவத்தியைத் தொட மாட்டேன். என் சட்டைகளை நேற்று இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் காயப் போட்டேன், இன்னும் வாசனை முழுசாகப் போகவில்லை. அதுவும் வேண்டாம் என்றால் அங்கே வந்து இரண்டு சட்டை வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். திரும்பிப் போகாமல் அங்கேயே இருந்துவிடட்டுமா? தி. நகரில் பெயர் வெட்ட இன்னும் ஆள் தேடுகிறார்கள் என்று பழைய சிநேகிதர் சொன்னார். நான் இருந்தால் உங்களுக்கு இடைஞ்சலாகவும் இருக்கலாம். பதினாலு வருஷம் நான் இல்லாமலே பழகிவிட்டீர்கள். நித்யா, நீ வேண்டாம் என்று சொன்னாலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

அவசரம் இல்லை. இரண்டு பேரும் பேசிவிட்டு எழுதுங்கள். என்ன தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். அம்மா மாதிரி நல்லாகீது என்று மட்டும் எழுதாதீர்கள்.